100 புள்ளியில் ஓர் ஆல்டைம் டெஸ்ட் அணி: பல வருஷம் ஆடிப் பார்த்ததில்

எல்லாக் காலத்து டெஸ்ட் கிரிக்கெட் வீரர்களிலிருந்தும் பதினோரு பேரைப் பொறுக்கி ஓர் ஆல்டைம் அணியைச் சும்மா தேர்ந்தெடுப்பது அரை மணி நேர வேலை. ஹாப்ஸ், பிராட்மன், சச்சின், சோபர்ஸ், மார்ஷல், வார்ன் என்று எழுத ஆரம்பித்தால் பாதிப் பெயர்கள் எல்லார் பட்டியலிலும் ஒன்றாகவே இருக்கும். மிச்சம் இரண்டு மூன்று இடத்துக்குத்தான் சண்டை, அதுவும் சீக்கிரம் அலுத்துவிடும். அதே விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு விலை போட்டு, கையில் இருப்பது 100 புள்ளிதான் என்று கட்டிப்போட்டால் கதையே வேறு. நண்பர்கள் சிலர் பல வருஷமாக இப்படித்தான் ஆடுகிறோம். ஆட நினைப்பவர்களுக்கு எது வேலை செய்கிறது, எது கடுப்பேற்றுகிறது என்று சொல்லிவைக்கலாம் என்றுதான் இது.

முதலில் விதிகள். ஓய்வு பெற்றவர்கள் மட்டும், டெஸ்ட் கணக்கு மட்டும். விலை 3 முதல் 18 வரை, பிராட்மனுக்கு மட்டும் 25. ஒரே நாட்டிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே டெஸ்ட் ஆடி முடித்தவர் ஒருவராவது வேண்டும். ஓப்பனர் என்று எழுதினால் அவர் டெஸ்டில் நிஜமாகவே ஓப்பனிங் இறங்கியிருக்க வேண்டும், கீப்பருக்கும் அதேதான். அணிகளை எழுதிக் கொடுத்த பிறகுதான் பிட்ச்சுக்குச் சீட்டுக் குலுக்குவோம். வேகப்பந்துக்கு உதவும் பச்சைப் பிட்ச்சும் வரலாம், முதல் நாளே சுழல் திரும்பும் பிட்ச்சும் வரலாம், பவுலர்களுக்கு ஒன்றுமே கிடைக்காத தார் ரோடும் வரலாம். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து தங்கள் அணிக்காக வாதாட, அந்தச் சுற்றில் ஆடாத ஒருவர் தீர்ப்பு சொல்வார்.

மூன்று பேர் கட்டுப்பாட்டை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் ஆடினால் எல்லாரும் வெஸ்ட் இண்டீஸின் மார்ஷல், கார்னர், ஹோல்டிங், கிராஃப்ட் என்று ஒரே வேகப்பந்துக் கூட்டத்தோடு வந்து நிற்பார்கள். அப்புறம் வாதாட ஒன்றும் இருக்காது.

விலைப் பட்டியல்தான் இந்த விளையாட்டின் உயிர். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லாரும் சராசரியை வைத்து விலை போடப் பார்ப்பார்கள். சுலபமாகத் தெரியும், ஆனால் இரண்டாவது பக்கத்திலேயே கேலிக்கூத்தாகிவிடும். 20 டெஸ்ட் ஆடி 61.87 வைத்திருக்கும் ஆடம் வோஜஸ், 61 டெஸ்டில் 56.94 எடுத்த ஜாக் ஹாப்ஸை விட விலை கூடியவர் ஆகிவிடுவார். பேரி ரிச்சர்ட்ஸ் 4 டெஸ்ட்தான் ஆடினார், சராசரி 72.57. 19ஆம் நூற்றாண்டுப் பிட்ச்களில் 18 டெஸ்டில் 112 விக்கெட்டை 10.75 சராசரியில் (பவுலருக்கு இது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன், குறைந்தால்தான் நல்லது) எடுத்த ஜார்ஜ் லோமன் உலகத்திலேயே உயர்ந்த பவுலர் ஆகிவிடுவார். எத்தனை டெஸ்ட், எந்தக் காலம், எப்படிப்பட்ட பிட்ச் என்று பேசித்தான் விலை போட வேண்டும். அந்தப் பேச்சுக்கே ஒரு முழு மாலை போய்விடும். எனக்கு அதுதான் ஆட்டத்தின் பாதி சுகம்.

சரி, எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி, பிராட்மனுக்கு 25 கொடுக்கலாமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். அவர் சராசரி 99.94. எங்கள் பட்டியலில் 14 புள்ளி விலையுள்ள ஹாப்ஸ், சச்சின் போன்றவர்கள் 50-களில் இருக்கிறார்கள். ஆக, கூடுதலாகக் கொடுக்கும் 11 புள்ளிக்கு இன்னிங்ஸுக்குச் சுமார் 45 ரன் கிடைக்கிறது. அதே 11 புள்ளியைப் பந்துவீச்சில் போட்டால்? ஐந்து பவுலர்கள் ஆளுக்கு இரண்டு விக்கெட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். 30 சராசரி பவுலர் ஒருவரை எடுத்துவிட்டு 21 சராசரிக்காரரைப் போட்டால் இன்னிங்ஸுக்கு 18 ரன் மிச்சம். எங்கள் விலையில் அதற்கு 4 புள்ளி ஆகும். 11 புள்ளிக்குக் கிட்டத்தட்ட 50 ரன். ஆகவே 25 என்பது அநியாயமும் இல்லை, மலிவும் இல்லை. எடுத்தாலும் ஜெயிக்கலாம், எடுக்காவிட்டாலும் ஜெயிக்கலாம். நான் பெரும்பாலும் எடுப்பேன்.

பிராட்மனை எடுத்தால் எதிராளி ஹெரால்ட் லார்வுடை இறக்குவார் என்பது எங்களுக்குள் எழுதாத விதி. விலை 5 தான், சராசரியும் 28.35 தான். ஆனால் லெக் சைடில் ஃபீல்டர்களைக் குவித்து உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசிய 1932-33 பாடிலைன் தொடரில் அவர் 33 விக்கெட் எடுத்தார், பிராட்மனின் சராசரி 56.57-க்கு இறங்கியது. விஷத்துக்கு மாற்று மருந்து மாதிரி 5 புள்ளிக்கு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். இதற்கு நாங்கள் ஒரு முடிவு எடுத்தோம்: ஆட்டம் இன்றைய விதிப்படிதான். லெக் சைடில் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு ஃபீல்டருக்கு மேல் நிறுத்த முடியாது. அந்த ஃபீல்டிங் இல்லாத லார்வுடை 5 புள்ளிக்கு வாங்குபவர்கள் வாங்கட்டும்.

பெரிய பெயருக்கு எவ்வளவு வரி கட்டுகிறோம் என்பதும் இந்த ஆட்டத்தில் பளிச்சென்று தெரியும். மால்கம் மார்ஷல் 376 விக்கெட், சராசரி 20.94. ஜோயல் கார்னர் 259 விக்கெட், சராசரி 20.97. எங்கள் பட்டியலில் மார்ஷல் 14, கார்னர் 9. கார்னர் டெஸ்டில் ஒரு முறைகூடப் பத்து விக்கெட் எடுக்கவில்லை, புது பந்தும் அவருக்கு எப்போதும் கிடைக்கவில்லை, அதனால் விலை குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 5 புள்ளி வித்தியாசமா? மார்ஷல் என்று சொன்னதும் தீர்ப்பு சொல்பவர் முகம் மலரும், அது உண்மை. அந்த மலர்ச்சிக்குத்தான் 5 புள்ளி.

இப்போது நான் கடைசியாக இறக்கிய அணியைப் பிரித்துக் காட்டுகிறேன். பிராட்மன் 25 போக மிச்சம் 75, பத்து பேருக்கு. ஆளுக்கு ஏழரை. இந்த நிலையில் ஓப்பனர்களுக்கு ஹாப்ஸையும் கவாஸ்கரையும் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. அதனால் பந்தும் வீசும் ஓப்பனர்களைத் தேடினேன். தென்னாப்பிரிக்காவின் டிரெவர் கோடார்ட் 6 புள்ளி. பேட்டிங் சராசரி 34.46, இடக்கை மிதவேகத்தில் 123 விக்கெட், ஓவருக்கு 1.64 ரன்தான் கொடுத்திருக்கிறார். மறுமுனையில் வினூ மன்கட், அவரும் 6. இடக்கைச் சுழலில் 162 விக்கெட், அதோடு 1956-இல் நியூசிலாந்துக்கு எதிராகச் சென்னையில் பங்கஜ் ராயோடு 413 ரன் தொடக்கக் கூட்டணி. 12 புள்ளிக்கு இரண்டு ஓப்பனர், ஒன்றரைப் பவுலர்.

நான்காவது இடத்தில் கென் பாரிங்டன். 6806 ரன், சராசரி 58.67. இப்படிப்பட்டவருக்கு விலை 10 மட்டும்தானா என்று கேட்பீர்கள். 1965-இல் நியூசிலாந்துக்கு எதிராக 137 ரன் அடித்தும், ஆமை வேகத்தில் ஆடினார் என்று இங்கிலாந்து தேர்வாளர்கள் அடுத்த டெஸ்டில் அவரை உட்காரவைத்தார்கள். எங்கள் கூட்டத்திலும் அவர் பெயரைக் கேட்டால் கொட்டாவி விடுகிறார்கள். எனக்கு அது லாபம். அப்புறம் ஃபிராங்க் வோரல் 9, போத்தம் 10, ஆலன் டேவிட்சன் 8, கார்னர் 9, காலின் கிராஃப்ட் 8. கேப்டன் வோரல்தான், போத்தம் கேப்டனாக இருந்த 12 டெஸ்டில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை.

மிச்சம் 9 புள்ளி. தேவை ஒரு கீப்பர், ஒரு ஸ்பின்னர், போருக்கு முந்தையவர் ஒருவர். மூன்று தேவைக்கு இரண்டே இடம். இந்த ஆட்டத்தில் நேரம் போவதே இப்படிப்பட்ட இடத்தில்தான். ஆஸ்திரேலியாவின் பெர்ட் ஓல்ட்ஃபீல்ட் 4 புள்ளி. கடைசி டெஸ்ட் 1937, எனவே பழையவர் கணக்கும் தீர்ந்தது. 54 டெஸ்டில் 52 ஸ்டம்பிங், இன்றுவரை டெஸ்டில் அதுதான் அதிகம். பேட்டிங் சராசரி 22 சொச்சம்தான், இருக்கட்டும். மீதி 5 புள்ளிக்கு பி. எஸ். சந்திரசேகர். 242 விக்கெட் எடுத்தவர், மொத்தம் அடித்தது 167 ரன். பதினோராவது ஆள் எத்தனை ரன் அடிப்பார் என்று யாரும் விலை கேட்பதில்லை. ஓவலில் 1971-இல் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தைச் சுருட்டியவர், திரும்பும் பிட்ச் சீட்டு விழுந்தால் போதும்.

விழுந்தது தார் ரோடு. எதிராளி நேரே மன்கட் மேல் பாய்ந்தார். நாள் முழுக்கப் பந்து வீசிவிட்டு வந்து, மனுஷன் உடனே பேடு கட்டிக்கொண்டு ஓப்பனிங் இறங்குவாரா என்று கேட்டார். இதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. 1952 லார்ட்ஸ். முதல் இன்னிங்ஸில் 72 ரன், அப்புறம் 73 ஓவர் வீசி 5 விக்கெட், உடனே ஓப்பனிங் இறங்கி 184 ரன், திரும்பவும் 24 ஓவர். தீர்ப்பு சொல்பவர் ஸ்கோர்கார்டை எடுத்துப் பார்த்துத் தலையாட்டினார். எதிராளி விடவில்லை, “அந்த மேட்ச்சில் இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது” என்றார். அதுவும் உண்மைதான். தீர்ப்பு அவர் பக்கம் போனது, அவரிடம் சோபர்ஸும் இம்ரானும் இருந்தார்கள்.

இதில்தான் எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் பெரிய குறை. தீர்ப்பு சொல்பவர் எந்தக் காலத்து கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்தாரோ அந்தக் காலத்து ஆட்கள் அவர் கண்ணில் இரண்டு அங்குலம் உயரமாகத் தெரிவார்கள். 90-களைப் பார்த்தவரிடம் அக்ரமும் ஆம்ப்ரோஸும் பேசாமலே ஜெயிப்பார்கள், டேவிட்சனுக்காக நாம் தொண்டை கிழியக் கத்த வேண்டும். டை ஆன 1960 பிரிஸ்பேன் டெஸ்டில் அவர் 11 விக்கெட்டும் 44, 80 ரன்னும் எடுத்தார் என்று எத்தனை முறைதான் சொல்வது. கணினியில் ஆட்டத்தை ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். சிலமுறை செய்தோம், வாதாடும் சுவை போய்விட்டது. குறையோடு மனிதத் தீர்ப்பே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

இன்னொரு சிக்கல், ஒரே பெயருக்குள் இரண்டு ஆள் இருப்பது. குமார் சங்கக்காரா மொத்தம் 57.40. ஆனால் கீப்பிங் செய்த 48 டெஸ்டில் 40.48, கிளவுஸைக் கழற்றிய 86 டெஸ்டில் 66.78. அவரைக் கீப்பராக எழுதிவிட்டு 66-ஐக் காட்டி வாதாடுவது எங்கள் கூட்டத்தில் பழைய தந்திரம். இப்போது கீப்பர் விலை, பேட்ஸ்மேன் விலை என்று தனித்தனியாகவே போட்டுவிட்டோம். இதனால் ஆண்டி ஃபிளவருக்குத்தான் மவுசு கூடியது. கீப்பிங் செய்த 55 டெஸ்டில் அவருக்கு 53 சொச்சம் சராசரி. கேப்டன்சிக்கு மட்டும் நாங்கள் விலை வைக்கவில்லை. அதனால் 31 டெஸ்டில் 18 வெற்றி பெற்றுத் தந்த மைக் பிரியர்லி, பேட்டிங் சராசரி 22.88 காரணமாக 3 புள்ளிக்கும் போணியாகாமல் கிடக்கிறார். பாவம்தான், ஆனால் கேப்டன்சிக்கு எப்படி விலை போடுவது என்று இதுவரை யாரும் உருப்படியாகச் சொல்லவில்லை.

விலை வருஷத்துக்கு ஒருமுறை மாறும். எல்லாரும் எடுக்கும் ஆளுக்கு ஏறும், யாரும் தொடாதவருக்கு இறங்கும். இந்த ஏற்பாடு மட்டும் இல்லையென்றால் ஆட்டம் எப்போதோ செத்திருக்கும். ஆப்ரே ஃபாக்னர் நல்ல உதாரணம். 25 டெஸ்ட், பேட்டிங் 40.79, 82 விக்கெட் 26.58-இல், அதோடு கூக்ளிச் சுழல். ஆரம்பத்தில் 7 புள்ளிக்குக் கிடைத்தார், போருக்கு முந்தையவர் விதியையும் தீர்த்துவைப்பார். ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் எல்லார் அணியிலும் ஃபாக்னர். இப்போது 12. வாங்க ஆளில்லை. ஒரு மலிவுச் சரக்கு போனால் அடுத்ததைத் தேடிப் பழைய ஸ்கோர்கார்டுகளைப் புரட்ட வேண்டியதுதான், அப்படிப் புரட்டித்தான் நான் கோடார்டையே பிடித்தேன்.

யாருக்குச் சரிப்படும் என்றால், புள்ளிவிவரத்தோடு வாய்ச்சண்டையும் பிடித்தவர்களுக்கு. சச்சின், லாரா, வார்ன் என்று பதினோரு பேரும் நட்சத்திரங்களாகவே இறங்குவதைக் கற்பனை செய்து ரசிக்க நினைப்பவர்கள் பக்கம் வரவேண்டாம், 100 புள்ளி அதற்குப் போதாது. நான்கு பேராவது வேண்டும். 100 என்பதை 120 ஆக்கிப் பார்த்தோம், எல்லா அணியும் நட்சத்திரக் கூட்டமாகிச் சப்பென்று போனது. 90 இன்னும் சூடாக இருக்கும் என்பது என் எண்ணம், மற்றவர்கள் ஒத்துவரவில்லை.

அடுத்த விலை மாற்றத்தில் ஓல்ட்ஃபீல்ட் 6 ஆவார் என்று தெரிகிறது. அப்படியானால் அவரையும் சந்திராவையும் விட்டுவிட்டு, 4-க்கு காட்ஃப்ரி எவன்ஸைக் கீப்பராகவும், 7-க்கு 216 விக்கெட் எடுத்த கிளாரி கிரிமெட்டை லெக் ஸ்பின்னராகவும் போடலாம், பழையவர் கணக்கும் கிரிமெட்டோடு முடியும். 2 புள்ளி இடிக்கும். கிராஃப்டை விட்டால் 8 கிடைக்கும், அந்த இடத்துக்கு தென்னாப்பிரிக்காவின் நீல் அட்காக். 104 விக்கெட், சராசரி 21.10, விலை இன்னும் 6 தான்.