நெல்லைப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுகள்: பலகாரக் கடைகளும் கல்யாணச் சமையலும்

பாளையங்கோட்டையில் குடியேறிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் காலத்தில் இரண்டு கல்யாணங்களுக்கும் ஓர் அறுபதாம் கல்யாணத்துக்கும், ஆண்டுதோறும் வந்து போகும் வெளியூர் உறவினருக்கும் வேண்டிய பலகாரங்களையும் சமையலையும் ஏற்பாடு செய்யும் பொறுப்பு பெரும்பாலும் எனக்கே வந்தது. எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் கடையின் பெயரை மட்டும் சொல்வதில்லை. எந்த நேரத்தில் போக வேண்டும், வாங்கியதை எத்தனை நாளுக்குள் தின்று முடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த இரண்டையும் கேட்காமல் வாங்கிய பொருள்கள்தான் இதுவரை எங்களுக்கு மனக்குறையைத் தந்திருக்கின்றன.

முதலில் அல்வா. கீழ ரத வீதியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே உள்ள இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும். அன்றைய சரக்கு தீர்ந்தவுடன் மூடிவிடும். வந்த புதிதில் இது எனக்குப் பெரிய தொந்தரவாகத் தெரிந்தது. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்து நெடுநேரம் கிண்டி இறக்கும் பண்டம் அன்றன்றே விற்றுத் தீர்ந்துவிடுவதால், முந்தின நாள் சரக்கு நம் கைக்கு வர வழியே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஊர் திரும்பும் அவசரத்தில் இருப்பவர்கள் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளில், ஏறக்குறைய அதே பெயர் அச்சிட்ட டப்பாவை வாங்கிக்கொண்டு போய், நெல்லை அல்வா இவ்வளவுதானா என்று கேட்கிறார்கள். ஒரு நாள் மாலையை ஒதுக்க முடியாதவர்கள், பகலிலேயே கிண்டி விற்கும் கடை எது என்று டவுனில் குடியிருப்பவர்களிடம் விசாரித்து வாங்குவது நல்லது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மட்டும் எங்கேயும் வரிசை நீளம். அப்போது நான் யாருக்கும் வாங்கி அனுப்ப ஒப்புக்கொள்வதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவில் எனக்குக் கிடைத்த பாடம் கசப்பானது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டத்துக்குப் பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் வேண்டாம். ஆகவே பாலுக்கு உள்ள ஆயுட்குறைவு இதற்கும் ஓரளவு உண்டு. ஒருமுறை சென்னை செல்லும் வழியில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் இரண்டு கிலோ வாங்கினேன். மூன்றாம் நாள் உறவினர் வீட்டில் பொட்டலத்தைப் பிரித்தபோது புளிப்பு வாடை அடித்தது. கொடுத்த கையோடு திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்த அந்தச் சங்கடத்துக்குப் பிறகு, ஆண்டாள் கோயிலைச் சுற்றியுள்ள கடைகளில், விறகடுப்பில் பால் காய்ச்சுவதைக் கண்ணால் பார்க்கக்கூடிய இடத்தில் மட்டுமே வாங்குகிறேன். உதிரியாக விற்கும் இனிப்புகளுக்கும் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்பதைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020 அக்டோபர் முதல் விதித்திருக்கிறது. அந்த அட்டை இல்லாத கடையில் தேதியைக் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள்.

தொலைதூரப் பயணத்துக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் தூத்துக்குடி மக்ரூனும் நம்பகமானவை. கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் நிலத்துக் கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்தப் பண்டத்தில் காறல் வாடை இல்லையென்றால் பெரும்பாலும் குறை சொல்ல எதுவும் இருக்காது. முட்டையின் வெள்ளைக்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் மக்ரூனுக்கு ஈரக்காற்றுதான் பகை; பொட்டலத்தைப் பிரித்தவுடன் காற்றுப்புகாத டப்பாவில் மாற்றிவிட வேண்டும். அதில் முட்டை இருப்பதை, சைவ உணவு மட்டும் உண்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளை வெளேரென்று இருக்கும் அதைப் பார்த்து யாருக்கும் அந்த ஐயம் எழுவதில்லை.

உணவகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைக் கல்லிலிருந்து எடுத்த சில நிமிடங்களுக்குள் சால்னா ஊற்றிச் சாப்பிட வேண்டும். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பிட்டுவிட்டு அதை மதிப்பிடுவது அந்தக் கடைக்குச் செய்யும் அநீதி. குற்றாலத்தில் சாரல் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த உணவகத்துக்கும் நான் பரிந்துரை தருவதில்லை, ஏனெனில் அந்தக் கூட்டத்தில் நல்ல கடையும் தடுமாறுகிறது.

கல்யாணச் சமையலில்தான் இந்த நேரக் கணக்கு எனக்கு முழுமையாக விளங்கியது. முதல் கல்யாணத்துக்கு, ஒரு வீட்டு விசேஷத்தில் சாப்பிட்டு எல்லோருக்கும் பிடித்துப்போன சமையல் மாஸ்டரையே, இலைக்கு இவ்வளவு என்று பேசி அமர்த்தினோம். ஆவணி மாதத்து வளர்பிறை முகூர்த்தம் அது. அதே நாளில் அவர் வேறு இரண்டு மண்டபங்களுக்கும் ஒப்புக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவருடைய ஆள்கள் வந்தார்கள், அவர் வரவில்லை. மூன்றாம் பந்தியில் சாதம் தீர்ந்து மறுபடி உலை வைத்தார்கள். இலை போட்டு அமர்ந்த பெரியவர்கள் காத்திருந்தார்கள். பெண் வீட்டார் என்ற முறையில் அன்று என் அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய்ப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இரண்டாவது கல்யாணத்துக்கு வேறு விதமாகத் தேடினோம். பரிந்துரைக்கப்பட்ட மாஸ்டர் ஒருவர் முகூர்த்த நாளில் சமைத்த ஒரு கல்யாணத்துக்கு, அந்த வீட்டாரின் அனுமதியோடு போய், கடைசிப் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டோம். முதல் பந்திக்கு யாரும் நன்றாகத்தான் படைப்பார்கள். கடைசிப் பந்திக்கும் அவியலில் காய் முழுசாக இருந்து, ரசம் சூடாக வந்தது. அன்றே முடிவு செய்துவிட்டோம்.

மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பால் குழம்பான சொதி வேண்டும் என்று சொன்னதும், எத்தனை பேர் என்று கேட்பதற்கு முன்பாக, பந்தி எத்தனை மணிக்கு என்று அவர் கேட்டார். எனக்கு அவர் மீது முழு நம்பிக்கை வந்தது அந்தக் கேள்வியால்தான். பாசிப்பருப்பையும் காய்களையும் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, கடைசியாக முதல் பாலை ஊற்றி, நுரை கூடியதும் கொதிக்கவிடாமல் இறக்கி, அதன் பிறகே எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். தேங்காய்ப்பாலைச் சீக்கிரமே பிழிந்து வைத்தால் நம் வெயிலுக்குப் புளித்துவிடும், கொதித்தால் திரிந்துவிடும். முந்நூறு பேருக்கு இதைப் பக்குவமாகச் செய்ய, பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுபவரால்தான் முடியும். அந்தச் சொதியையும் இஞ்சித் துவையலையும் மாப்பிள்ளை வீட்டார் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

பலசரக்கை நாமே வாங்கிக் கொடுப்பதா, எல்லாவற்றையும் கான்ட்ராக்டாக விடுவதா என்று பலர் கேட்கிறார்கள். பலசரக்கு வைக்கும் உக்கிராண அறையின் சாவியை வைத்துக்கொண்டு பொறுப்பாக இருக்க வீட்டில் ஆள் இருந்தால், நாமே வாங்குவதில் பொருளின் தரம் நம் கையில் இருக்கும். இல்லையென்றால் கான்ட்ராக்டே நிம்மதி. கான்ட்ராக்டில் இலைக்கட்டுகளைப் பந்திக்கு முன்பும் பின்பும் இரு தரப்பாரும் சேர்ந்து எண்ணிவிட வேண்டும். கணக்கு முடிக்கும்போது பேச்சு தடிப்பது பெரும்பாலும் அங்கேதான். சமையல் ஒப்பந்தக்காரருக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமமோ பதிவோ அவசியம். பில்லில் அதன் 14 இலக்க எண் இருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

வருகிற தை மாதம் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அதே மாஸ்டரிடம், அன்று வேறு மண்டபம் ஏற்பதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுத்திருக்கிறோம். தாம்பூலப் பைக்குக் கடலைமிட்டாய் என்று முடிவாகியிருக்கிறது. சம்பந்தி வீட்டாருக்கான அல்வாவை மட்டும் முந்தின நாள் மாலை நானே வரிசையில் நின்று வாங்கி வரப் போகிறேன்.