டாசன் சிட்டி: நக்கெட்டா, டெய்லி நியூஸா?

கனடாவின் யூகோனில், தங்க வேட்டையால் உருவான இந்த ஊரின் பழங்கதையைத் தேட எந்தப் பழைய செய்தித்தாளை முதலில் புரட்டலாம்?

1898 முதல் 1903 வரையிலான காலத்துக்கு 'குளோண்டைக் நக்கெட்'. அச்சு இயந்திரம் வந்து சேரும் முன்பே, யூஜின் ஆலன் இதைத் தட்டச்சுத் தாளாக ஒட்டினார். சுரங்கத் தொழிலாளர் பக்கம் நின்று, 10% தங்க வரியை எதிர்த்த துணிச்சலான ஏடு. அதிகாரிகள் மீதான அதன் புகார்களை மட்டும் வேறு ஆவணத்தோடு ஒப்பிடுங்கள்.

குடும்ப வரலாறு என்றால் 'டாசன் டெய்லி நியூஸ்'தான்: 1899 முதல் 1954 வரை, மக்கள் வெளியேறிய பிறகும் வந்தது. பெயரில் 'டெய்லி' இருந்தாலும் பிற்காலத்தில் தினமும் வரவில்லை. எனவே மரணச் செய்தியை அடுத்த சில இதழ்களிலும் பாருங்கள். மங்கிய மைக்ரோஃபிலிம் (சிறிதாக்கிப் படச்சுருளில் பதிந்த) பக்கங்களில் கணினித் தேடல் எழுத்துகளைக் குழப்பும். பெயர் கிடைக்காவிட்டால் தேதிவாரியாகப் புரட்டுங்கள்.