அல் கோரா, கிரேட்டாவா: பிள்ளைகளுக்கு யாரைக் காட்டுவது?

மட்டக்களப்பின் படுவான்கரையில் நான் படிப்பிக்கும் பாடசாலையின் சுற்றாடல் கழகத்தில், காலநிலை மாற்றத்தைப் பற்றி உலகமறியப் பேசுகிற ஒருவருடைய வாழ்க்கையை உயர்தரப் பிள்ளைகளுக்குச் சொல்வது என்று முடிவானது. ஆளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைசிவரை நின்றவர்கள் இரண்டு பேர்: அமெரிக்காவின் முன்னாள் உப ஜனாதிபதி அல் கோர், சுவீடனின் கிரேட்டா துன்பெர்க். நான் கிரேட்டாவை எடுத்தேன்.

அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவுச் செயலாளர் ஜோன் கெரியை முதலிலேயே விட்டுவிட்டேன். 2019இல் ஐஸ்லாந்தில் கொடுத்த காலநிலை விருதை வாங்கத் தனி விமானத்தில் போனார். கேட்டதற்கு, தன்னைப் போன்ற ஒருவருக்கு அது ஒன்றுதான் வழி என்றார். இதைக் கேட்ட பிறகு அவர் சொல்லும் வேறு எதுவும் பிள்ளைகளின் காதில் ஏறாது.

விசயம் தெரிந்தவர் என்று பார்த்தால் கோர்தான் மேல். 2007இல் ஐ.நா. காலநிலைக் குழுவோடு சேர்ந்து அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். கிரேட்டா 2018 ஆகஸ்டில், 15 வயதில், பாராளுமன்றத்துக்கு முன்னால் ஒரு பதாகையோடு தனியே குந்தியவர். இரண்டு பேரும் சொல்வது ஒன்றுதான். அதனால் பேச்சை விட்டுவிட்டுக் கரண்ட் பில்லைப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்தில் மாதப் பாவனையை 60 யுனிட்டுக்குள் நிறுத்தப் பார்க்கும் தாய்மார் நிறைய. 90ஐத் தாண்டினால் பில் எப்படி ஏறும் என்று பிள்ளைகளுக்கே தெரியும். கோரின் நாஷ்வில் வீடு 2006இல் ஏறக்குறைய 221,000 யுனிட் பாவித்ததாக அடுத்த வருடம் டெனசி மாநில அமைப்பொன்று வெளியிட்டது. மாதத்துக்குப் பிரித்தால் 18,000க்கு மேல்; சராசரி அமெரிக்க வீட்டைப் போல 20 மடங்கு. அந்த அமைப்பு கோரின் கொள்கைக்கு எதிரானது, அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். கூடுதல் காசு கொடுத்துப் பசுமை மின்சாரம் வாங்குகிறோம் என்று கோர் தரப்பு பதில் சொன்னது. பிறகு கூரையில் சோலார் போட்டார், வீட்டையே திருத்தினார். ஆனால் 2017இல் இன்னொரு எதிர்த்தரப்பு அமைப்பு பார்த்தபோது ஒரு வருடப் பாவனை 230,000 யுனிட்டுக்கும் மேல் என்று வந்தது.

பசுமை மின்சாரம் என்றால் அளவு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர் செய்தது வசதியைக் குறைக்காமல் காசால் சரிக்கட்டுவது. வாவியோரத்தில் தன் காணிக் கண்டலை வெட்டிவிட்டு, வேறெங்கோ நடச் சொல்லிக் காசு கொடுப்பது போல. அந்த வழி எங்கள் சனத்துக்கு இல்லவே இல்லை. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தவர்களிடம், குறைத்துப் பாவியுங்கள் என்று சொல்ல வருகிறவரின் வீட்டு மீட்டரும் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஷாஸீன் அட்டாரியும் சக ஆய்வாளர்களும் 2016இல் காட்டியது இதைத்தான்: அறிவுரை சொல்பவரின் சொந்தக் கார்பன் அளவு பெரிதாக இருந்தால் கேட்பவர்களிடம் அவருடைய நம்பகத்தன்மை விழுந்துவிடுகிறது. 2019இல் அவர்களே இன்னொன்றும் கண்டார்கள். சொன்னவர் தன் அளவைக் குறைத்துக் காட்டினால் இழந்த நம்பிக்கையில் பெரும்பகுதி திரும்பிவிடும். அந்த எண் இறங்கியிருந்தால் நான் கோரைத்தான் எடுத்திருப்பேன்.

கிரேட்டாவிடம் இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது. தாய் மலேனா ஏர்ன்மன் ஒபேரா பாடகி. மகளின் வற்புறுத்தலில் விமானத்தை விட்டார், அதோடு வெளிநாட்டுக் கச்சேரிகளும் போயின. 2019 ஆகஸ்டில் கிரேட்டா பிளிமத்திலிருந்து நியூயோர்க்குக்கு மலிசியா 2 என்ற பந்தயப் பாய்ப்படகில் போனார். இரண்டு கிழமைப் பயணம். கழிப்பறை கிடையாது, வாளிதான். சுடுதண்ணீர் ஊற்றிச் சாப்பிடும் உலர் உணவு. அவர் போகவிருந்த ஐ.நா. காலநிலை மாநாடு சிலியிலிருந்து மட்ரிட்டுக்கு மாறியபோது திரும்பவும் படகிலேயே அத்திலாந்திக்கைக் கடந்து டிசம்பரில் லிஸ்பனில் இறங்கினார். லண்டன் - நியூயோர்க் போய்வர ஒரு இருக்கைக்கு ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு என்று கணக்கிடுவார்கள். இலங்கையர் ஒருவரின் சராசரி ஒரு வருடக் கணக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

குறையும் உண்டு. முதலில் போன மலிசியா படகைத் திருப்பிக் கொண்டுவர ஆட்கள் விமானத்தில் போனார்கள். இதை மறைத்துவிட்டுக் கதை சொன்னால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்கும்.

அதைவிடப் பெரிய கேள்வியை ஒரு தகப்பன் கேட்டார். "சேர், என்ட மகன் கட்டார்ல நிக்கான். லீவுக்கு அவன் கப்பல்லயா வாற?" மத்திய கிழக்கு உழைப்பில் அடுப்பெரியும் வீடுகள் உள்ள ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஐரோப்பாவில் ரயில் ஏறி நாடு கடக்கலாம், எங்களைச் சுற்றிக் கடல். உழைக்கப் போகும் பிள்ளையின் விமானத்தையும் விருது வாங்கப் போகிறவரின் தனி விமானத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்று அவருக்குச் சொன்னேன். கிரேட்டாவின் பயணமே, விமானத்தை விட்டால் வேறு வழி இன்று எவ்வளவு கடினம் என்று காட்டத்தான் உதவியது என்றும் சொன்னேன். அவர் தலையாட்டினார், முழுதாக ஏற்றுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது.

உயர்தரப் பிள்ளைகளிடம் இந்தத் தெரிவு நன்றாக எடுபட்டது. விவசாயிகள் கூட்டத்தில் எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது, அங்கே நான் பேசிப் பார்க்கவில்லை. நீங்கள் பேசப்போவதாக இருந்தால் முதலில் கோர் வீட்டின் இரண்டு வருடங்களின் யுனிட் கணக்கையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டு பில்லோடு ஒப்பிட்டு முடிக்கட்டும். அப்புறம் படகுக் கதைக்குப் போங்கள்.