அப்பாவின் கணினியும் 48 இலக்கமும்

மெல்பர்னிலிருந்து பினாங்கு வந்து இறங்கிய மறுநாள், பசியாறி முடிப்பதற்குள்ளேயே அம்மா விஷயத்தைச் சொல்லிவிட்டார். "உங்கப்பா கொஞ்ச நாளா யார்கிட்டயும் சரியா பேசறதில்ல. கோயில் கணக்கு மொத்தமும் அந்தக் கம்ப்யூட்டர் உள்ள மாட்டிக்கிச்சு." ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை எப்போதும் காத்திருக்கும் என்பதால், இந்த முறை கடை, கவுண்டர் என்று அலைந்ததை எழுதி வைக்கிறேன். அடுத்து போகிறவர்களுக்கு உதவலாம்.

முதலில் நடந்தது என்ன என்பது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அப்பாவின் பழைய கணினியில் விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை. அதனால் ஆயர் ஈத்தாம் வீட்டுக்குப் புதுக் கணினி வந்தது. அக்கா மகன் அதைத் தாத்தாவின் பேரில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் போட்டுத் தயார் செய்து கொடுத்துவிட்டு, படிக்க ஜொகூருக்குப் போய்விட்டான். அப்பா தினமும் நாலு இலக்கப் பின் எண்ணைத் தட்டி உள்ளே போவார். அப்புறம் ஒரு சாயங்காலம் பலத்த இடி. வீடு முழுக்க மின்சாரம் ட்ரிப்பானது. கணினி எழவில்லை.

கொம்தார் பக்கத்து பேரங்காடி ஒன்றில் இருக்கும் கடைக்குக் கொண்டுபோனார்கள். பவர் சப்ளையை மாற்றினார்கள், மதர்போர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள், கணினி உயிர் பெற்றது. ஆனால் வீட்டுக்கு வந்து திறந்தால் நீலத் திரை. 48 இலக்க மீட்பு எண்ணைப் போடு என்றது. அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நாலு இலக்கம்தான்.

மறுபடி கடைக்குப் போனபோது கூடவே நானும் போனேன். கல்லாவில் இருந்த தம்பி திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஃபார்மெட் பண்ணிடலாம் அங்கிள், 80 வெள்ளி (ரிங்கிட்). நாளைக்கே எடுத்துக்கலாம்" என்றார். உள்ளே இருக்கும் கணக்கு என்னாகும் என்று அப்பா கேட்டார். "அது போயிரும் அங்கிள்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு வருத்தமும் இல்லை.

அந்தக் கடையை நான் குறை சொல்லமாட்டேன், பாதிக்குத்தான் சொல்வேன். கையால் செய்யும் வேலையில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முன்பதிவு இல்லாமல் நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கண் எதிரிலேயே பவர் சப்ளை மாறுவதைப் பார்க்கலாம். மெல்பர்னில் அந்தப் பெட்டியை மேசையில் வைப்பதற்கே பரிசோதனைக் கட்டணம் கேட்பார்கள். ஆனால் உள்நுழையும் சிக்கல் என்று போனால், எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை. ஃபார்மெட்.

அது ஏன் தப்பு என்று பார்த்தால் இதில் பூட்டியது யார் என்பது விளங்கும். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போனால், பெரும்பாலான கணினிகளில், டிஸ்க்கில் இருப்பதை வேறு யாரும் படிக்காமல் பூட்டும் பிட்லாக்கர் குறியாக்கம் தானாகவே ஏறிவிடுகிறது. கேட்பதும் இல்லை, மறுப்பதற்கு நேரமும் இல்லை. டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம் சில்லுக்குள் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றியதில், கணினியை எழுப்பும் பயோஸ் நிரலின் அமைப்பு ஆரம்ப நிலைக்குப் போனது. டிபிஎம், 'இது நான் பழகிய இயந்திரம் இல்லை' என்று சாவியைத் தர மறுத்தது. பின் எண்ணும் அதே சில்லை நம்பித்தான் வேலை செய்கிறது, அந்த ஒரு கணினிக்கு மட்டும் பொருந்தும், கணக்கின் கடவுச்சொல்லோடு அதற்குச் சம்பந்தமே இல்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் ஒன்றும் படிக்க முடியாது. வெளியே வர இருக்கும் ஒரே வழி அந்த 48 இலக்கம்.

நல்ல வேளையாக அதன் நகல் ஒன்று கணக்கிலேயே தானாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கைப்பேசியில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதிக்குப் போனால் பார்க்கலாம். அங்கே போகக் கடவுச்சொல் வேண்டும். அப்பா நாலு இலக்கத்தைப் போட்டார், தவறு என்றது. இன்னொரு முறை மெதுவாகப் போட்டார். மெதுவாகப் போட்டால் ஏற்றுக்கொள்ளும் என்று எல்லா அப்பாக்களுக்கும் ஒரு நம்பிக்கை.

சரி, மறந்துவிட்டது என்று சொல்லிப் புதுக் கடவுச்சொல் வாங்கலாம் என்றால், உறுதி செய்யும் குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போகிறது. அப்பா மலிவான திட்டம் கிடைத்ததென்று வேறு நிறுவனத்துக்குப் புது எண்ணோடு மாறியிருந்தார். பழைய ப்ரீபெய்ட் எண் பணம் போடாமல் காலாவதியாகிவிட்டது. அந்த எண்ணும் இல்லை, மாற்று மின்னஞ்சலும் இல்லை என்று பதில் சொன்னால் பாதுகாப்புத் தகவலை மாற்றித் தருவார்கள், ஆனால் 30 நாள் காத்திருக்க வேண்டும். பணம் திருடும் ஆள் அவசரப்படுவான், உரியவர் காத்திருப்பார் என்பது அதன் கணக்கு. எனக்கு அவ்வளவு விடுப்பு இல்லை.

இந்த இடத்தில் அக்கா தேடிப் பார்த்து, 'விண்டோஸ் உதவி எண்' என்று ஒன்றைக் காட்டினார். கூப்பிடவே வேண்டாம் என்றேன். அந்த மாதிரி எண்களில் பேசுகிறவன் முதலில் கணினியைத் தூரத்திலிருந்து இயக்க ஒரு செயலியைப் போடச் சொல்வான், அப்புறம் வங்கிக் கணக்குக்கு வருவான். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைத் திரையில் தொலைபேசி எண் போடுவதே இல்லை. யாராவது ஏற்கெனவே ஏமாந்து பணம் போயிருந்தால், மலேசியாவில் உடனே 997க்குக் கூப்பிடுங்கள். மோசடிக்கென்றே 2022இல் தொடங்கிய எண் அது.

மிச்சம் இருந்தது தொலைபேசி நிறுவனத்தின் கடை. ப்ரீபெய்ட் எண் காலாவதியானதும் உடனே வேறொருவருக்குப் போய்விடாது. கொஞ்ச காலம் உரியவர் மீட்கலாம். ஆனால் அவரே நேரில் வரவேண்டும், ஐசி எனும் அடையாள அட்டையோடு. மகன் போய்க் கேட்டால் நடக்காது, கையெழுத்துக் கடிதம் கொடுத்தாலும் நடக்காது. ஐசிக்குள் இருக்கும் பெருவிரல் ரேகையோடு விரலை ஒப்பிட்டுத்தான் கொடுக்கிறார்கள். மைகாட் என்ற சில்லு வைத்த ஐசி வந்த 2001இலிருந்து அந்த ரேகை சில்லுக்குள் இருக்கிறது.

பதினோரு மணிக்கே கூட்டம். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தோம். கவுண்டரில் முக்காடு போட்ட ஒரு மலாய்க்காரப் பெண். அப்பாவின் விரலை ரீடரில் வைத்தார், சிவப்பு. மறுபடி, சிவப்பு. வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்திருக்கும். அப்பா சாக்குக்கட்டி பிடித்தே ஆயுளில் பாதியைக் கழித்தவர். அந்தப் பெண் சலித்துக்கொள்ளவில்லை. ஈரத் திசுத்தாளால் விரலைத் துடைத்து, காயவிட்டு, "பாச்சிக் (மாமா), நெற்றியில ஒரு தேய் தேயுங்க" என்று சைகை காட்டினார். அப்பா திருநீறு படாமல் ஓரமாகத் தேய்த்து, விரலை வைத்தார். பச்சை. நெற்றியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ரேகையைத் தெளிவாக்கிவிடுகிறதாம். எந்த உதவிப் பக்கத்திலும் இது எழுதியிருக்காது. இப்படிப்பட்ட கவுண்டர் ஆள் ஊரில் இன்னும் இருக்கிறார் என்பதுதான் இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

குறுஞ்செய்தி வந்தது, கடவுச்சொல் மாறியது, மீட்பு எண் தெரிந்தது. நீலத் திரையில் ஒரு அடையாளக் குறி காட்டும், அதே குறி உள்ள மீட்பு எண்ணைத்தான் எடுக்க வேண்டும், பழைய கணினியின் எண்ணும் சேர்ந்து கிடந்தால் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எட்டுத் தொகுதி, ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கம். அம்மா தன் கைப்பேசியைப் பார்த்துக் காகிதத்தில் எழுதிக்கொடுத்தார், நான் தட்டினேன். ஐந்தாவது தொகுதியைத் திரை ஏற்கவில்லை. எங்கே பிசகு என்று நான் கைப்பேசியைத் தேடும்போது அப்பாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன்: ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும், அதை வைத்துத்தான் திரை தப்பைக் கண்டுபிடிக்கிறது. கணக்கு வாத்தியாருக்கு இது போதாதா? காகிதத்தை வாங்கினார். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டி, கழித்துப் பார்த்தார். 475387 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4, 5, 8 கூட்டினால் 17, 7, 3, 7 கூட்டினால் 17, வித்தியாசம் பூஜ்யம், சரி. அதையே 475337 என்று எழுதினால் 12க்கும் 17க்கும் ஒத்துவராது. "உங்கம்மாவோட எட்டு எப்பவும் மூணு மாதிரிதான் இருக்கும்" என்றார். கொஞ்ச நாளில் அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது. மூன்றை எட்டாக்கினோம், திறந்தது.

அப்புறம் பின் எண் இப்போது கிடைக்காது என்று வந்தது. புதுக் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பின் எண்ணைப் புதிதாக வைத்தோம், அதற்கு இணைய இணைப்பு இருக்கவேண்டும், அவ்வளவுதான். கணக்குக் கோப்புகள் அப்படியே இருந்தன. பாதுகாப்பு எண்ணை இப்போது பயன்படுத்தும் எண்ணுக்கு மாற்றி, அம்மாவின் மின்னஞ்சலையும் சேர்த்து, 48 இலக்கத்தை அச்செடுத்து வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் கோப்பில் வைத்தாயிற்று. கோயில் கணக்கு ஒரு பென்டிரைவிலும் ஏறிவிட்டது.

செய்தி பரவியதும் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் கணினியும் புதுசு, இன்னும் கெடவில்லை, ஆனால் அமைத்துக் கொடுத்தது கடை. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது கடைக்காரருடைய மின்னஞ்சல் கணக்கு. அப்படியென்றால் மீட்பு எண்ணும் அவர் கணக்கில்தான் இருக்கும், அக்காவிடம் இல்லை. வேறு ஒரு கடைதான், நேரில் போய்க் கேட்டோம். முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அக்காவின் பேரில் புதுக் கணக்கு திறந்து, குறியாக்கத்தை ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டதும் புது எண் அங்கே சேர்ந்தது. கடைக்காரரிடம் இப்படி எத்தனை பேருடைய எண் கிடக்கிறது என்று கேட்டேன். பட்டியலை மேலே தள்ளிக் காட்டினார், அது தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தது. "யாரும் கேக்க வர்றதில்ல பாஸ்," என்றார்.