சவுண்ட் பாக்ஸ்: தொகையைச் சரியாகச் சொல்கிறது, நேரத்தைத்தான் கோட்டை விடுகிறது

உறையூரில் எங்கள் மளிகைக்கடைக் கல்லாவை ஒட்டி, பணம் வந்தால் தொகையை உரக்கச் சொல்லும் யுபிஐ சவுண்ட் பாக்ஸ் ஒன்று இருக்கிறது. எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. தெருவில் நாலு கடைக்கு நாலு நிறம், உள்ளே சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மாத வாடகை நூற்றுச் சொச்சம். ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் கொடுப்பேன்.

கல்யாணமாகிக் கடைக்கு வருவதற்கு முன் சென்னையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தேன். அங்கே என்எஃப்ஆர் என்போம், அதாவது நான்-ஃபங்ஷனல் ரிக்வயர்மென்ட். ஒரு பொருள் என்ன செய்யவேண்டும் என்பது ஒரு பக்கம். எவ்வளவு வேகமாக, எவ்வளவு நம்பகமாக, எந்த நிலைமையில் செய்யவேண்டும் என்பது இன்னொரு பக்கம், அதுதான் என்எஃப்ஆர். மீட்டிங்கில் இந்தப் பேச்சு கடைசிப் பத்து நிமிடத்தில்தான் வரும். பாதிப் பேர் சாப்பிடக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் இந்தப் பெட்டியில் மதிப்பே அதில்தான். செய்யும் வேலை ஒரே வரி: பணம் வந்தால் தொகையைச் சொல். அதை போனுக்கு வரும் மெசேஜே சொல்லிவிடும். நாம் வாடகை கொடுப்பது மற்றதற்கெல்லாம்.

ஐஎஸ்ஓ 25010 என்றொரு தரநிலை உண்டு. மென்பொருளின் தரத்தை 2011இல் எட்டுத் தலைப்பாகப் பிரித்தார்கள், 2023 திருத்தத்தில் ஒன்பதாக்கினார்கள். அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. பெட்டி வந்த அன்றே மூன்று கேள்வி கேட்டார்: "உள்ளே நிக்கும்போது கேக்குமா? கரண்ட் போனா பேசுமா? பணம் அனுப்பாமலே யாராவது இதைப் பேச வைக்க முடியுமா?"

சத்தத்துக்கு முழு மதிப்பெண். வாசலில் டவுன் பஸ் உறுமிக்கொண்டு நின்றாலும், பின்கட்டில் அரிசி மூட்டை பிரிக்கும் அத்தைக்குத் தொகை கேட்கிறது. பிரச்சினை என்னவென்றால் எதிர்க்கடைக்காரருக்கும் கேட்கிறது. மாதச் சாமான் வாங்கிய வீட்டின் கணக்கைத் தெருவுக்கே அறிவிக்க வேண்டுமா என்று தோன்றும். சத்தத்தைக் குறைக்கப் பொத்தான் இருக்கிறது, குறைத்தால் அத்தைக்குக் கேட்காது.

பேட்டரியும் நன்று. மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில்கூட அசராமல் பேசியது. சார்ஜர் ஒயர்தான் மட்டம்; அழுத்திப் பிடித்தால்தான் ஏறுகிறது.

மூன்றாவது கேள்விக்குத்தான் இந்தப் பெட்டியே பிறந்தது எனலாம். பணம் போனதுபோல டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. கூட்ட நேரத்தில் நீட்டிய போனை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? அந்த டிக்குக்கு எங்கள் பெட்டி வாய் திறக்காது. கடை க்யூஆர் மேல் யாராவது தங்கள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாலும் அப்படித்தான், பெட்டியின் மௌனமே காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, குறைக்கு வருவோம். மத்தியானம் கடை காலியாக இருக்கையில், வாடிக்கையாளர் போனில் டிக் விழுந்து இரண்டு மூன்று நொடியில் அறிவிப்பு வந்துவிடும். மாலை ஏழு மணிக்கு, மாவுக்கும் தயிருக்கும் ஆள் நிற்கும்போது, சில சமயம் அரை நிமிடம் ஊமை. விற்க வந்த தம்பி, "ஆவரேஜ் மூணு செகண்டுதான்க்கா" என்றார். ஆவரேஜ் சரிதான். வரிசையை நிறுத்துவது நூற்றில் அந்த ஐந்து தடவை. அதனால்தான் டெஸ்டிங்கில், '100 பரிமாற்றத்தில் 95 இத்தனை நொடிக்குள் முடியவேண்டும்' என்று எழுதச் சொல்லி மல்லுக்கட்டுவோம். 99.9 சதவீதம் இயங்கும் என்பதும் இதே வகைதான்: கணக்குப் போட்டால் மாதத்துக்கு 43 நிமிடம் படுத்துக்கொள்ளலாம். அது விடியற்காலை மூன்று மணியா, முதல் தேதி மாலையா என்பதை யாரும் சொல்வதில்லை.

2025 ஜூனில், யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ, பணப் பரிமாற்றத்துக்கான பதில் நேரத்தை 30 நொடியிலிருந்து 15 ஆகவும், நிலையைச் சரிபார்ப்பதை 10 ஆகவும் குறைத்தது. நல்ல காரியம். ஆனால் அது வங்கிகளும் ஆப்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நேரம். அங்கிருந்து கிளம்பி, பெட்டிக்குள் இருக்கும் சிம் வழியாக எங்கள் கல்லாவுக்கு வந்து சேரும் கடைசித் தூரம் அதில் சேராது.

அதைவிட மோசமானது ஒன்று. ஒருநாள் மாலை சிக்னல் போய்க் கொஞ்ச நேரம் கழித்து வந்தது. வந்ததும் பெட்டி தேங்கியிருந்ததையெல்லாம் கொட்டியது: நாற்பத்தைந்து, முப்பது, நூற்றுப் பத்து, மறுபடி முப்பது. அப்போது எதிரே ஒரு பையன் முப்பது ரூபாய் பிஸ்கட்டோடு நிற்கிறான். "அனுப்பிட்டேன்க்கா, சொல்லிருச்சுல்ல." ஆப்பைத் திறந்து பார்த்தேன். இரண்டு முப்பதும் பழைய ஆட்களுடையது. அவனுடையது இன்னும் வந்து சேரவில்லை. அவன் பொய் சொல்லவில்லை, பெட்டியும் பொய் சொல்லவில்லை.

பெட்டிக்குப் போய்ச் சேராத செய்தியைச் சர்வர் பத்திரப்படுத்தி, இணைப்பு வந்ததும் அனுப்புகிறது. எதுவும் தொலையக்கூடாது என்று யோசித்தவர், பழசானதை உரக்கப் படிக்கக்கூடாது என்பதை யோசிக்கவில்லை. 'இரண்டு நிமிடம் கடந்ததை அறிவிக்காதே, பொத்தானை அழுத்திக் கேட்டால் மட்டும் நேரத்தோடு சொல்' என்று தேவைப் பட்டியலில் ஒரு வரி இருந்திருந்தால் போதும். ஒரு மதிப்பெண் இதற்காகவே போனது, அரை மதிப்பெண் ஒயருக்கு.

கஸ்டமர் கேரில் சொன்னேன். ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றார்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள், கடைக்குள் எந்த சிம்முக்கு சிக்னல் நன்றாக வருகிறது என்று முதலில் பாருங்கள். பெட்டியில் இருப்பதை நாம் மாற்ற முடியாது. போன வாரம் அதே தம்பி, கார்டைத் தட்டினாலே பணம் எடுக்கும் புது மாடலோடு வந்தார். வாடகை கூடுதல். தேங்கிய செய்தியை இது என்ன செய்யும் என்று கேட்டேன். "அது டெக் டீம்தான்க்கா சொல்லணும்" என்றார். அத்தை உள்ளிருந்தே, "மொதல்ல அந்த ஒயரை மாத்திக் குடுக்கச் சொல்லும்மா" என்றார்.