சுவரும் துருவும் எடுப்பவர்களுக்கு ஒரு லென்ஸ்: நிக்கான் 40 மி.மீ. மைக்ரோ

துருப்பிடித்த கடை ஷட்டர், உரிந்த சுண்ணாம்பு, மரத்தில் படிந்த பாசி என்று எடுப்பவர்கள் லென்ஸ் தேடினால், நான் தயங்காமல் கைகாட்டுவது இதைத்தான்.

2011-இல் வந்த லென்ஸ், மிக நெருங்கி எடுப்பதற்கானது; அதைத்தான் நிக்கான் ‘மைக்ரோ’ என்கிறது. துளை எஃப்/2.8 வரை திறக்கும். டிஎக்ஸ், அதாவது சிறிய சென்சார் உள்ள நிக்கான் கேமராக்களுக்கானது. எடை 235 கிராம்தான். 1:1 வரை, அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும் வரை, நெருங்கலாம். இரண்டு சென்டிமீட்டர் சொச்சம் அகலமுள்ள இடமே படம் முழுக்க நிறைந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய கிடங்கின் இரும்புக் கதவு. தாழ்ப்பாள் ஆடி ஆடி உரசிய இடத்தில் பெயிண்ட் அரைவட்டமாகத் தேய்ந்திருக்கிறது. மேலே பச்சை, அதற்கு அடியில் நீலம், பிறகு ரெட் ஆக்சைடு, நடுவில் பளபளவென்று இரும்பு. எத்தனை பேர் திறந்து மூடிய கதவோ! தாழ்ப்பாளையும் சேர்த்து எடுத்தால் அது கதவின் படம். அதை விட்டுவிட்டு இன்னும் நெருங்கினால் நிறமும் வளைவும் மட்டும் மிஞ்சும். எனக்கு வேண்டியது அதுதான். கேமராவைக் கதவுக்கு இணையாகப் பிடித்து துளையை எஃப்/8-க்குச் சுருக்கினால் மூலை வரை கூர்மையாக வருகிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கிவிடும், பொறுமை வேண்டும். வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். ஃபிரேம் முழுக்கத் துரு இருந்தால் அந்தச் செம்மையைக் குறைத்துவிடும். டேலைட்டில் வையுங்கள்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். முழுக்க நெருங்கும்போது லென்ஸ் முனைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடைதான் இருக்கும், லென்ஸின் நிழலே படத்தில் விழும். அதனால் காலையிலோ மாலையிலோ பக்கவாட்டு வெயிலில் எடுப்பது நல்லது. உரிந்த பெயிண்டின் சுருளும் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் குறைவு. லென்ஸில் அதிர்வுத் தடுப்பும் கிடையாது, ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறனை) ஏற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் மழை விட்ட கையோடு போய்ப் பாருங்கள். மரப்பட்டையில் காய்ந்து சாம்பலாகக் கிடந்த லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்), நனைந்ததும் மேல்தோல் வழியே உள்ளிருக்கும் பாசி தெரிந்து பச்சைப்பசேல் என்றிருக்கும். அதற்காகவே நான் மலையேறுவேன்.

பூச்சி, பட்டாம்பூச்சி எடுப்பவர்கள் தள்ளி நின்றே எடுக்கக்கூடிய 105 மி.மீ. மைக்ரோ லென்ஸ் பக்கம் போவது மேல். இதை வைத்துக்கொண்டு அவ்வளவு கிட்டே போனால் பறந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், மலையில் குடியிருப்பவர்கள் மறக்காமல் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.