டிவி3யா, விண்மீனா, 8டிவியா? புதுக் கார் கம்பெனிக்கு எது சரி

போன மாதம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடை ஒன்றில், முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பியைச் சந்தித்தேன். இப்போது புதிதாக மின்கார் விற்க வந்திருக்கும் சின்னக் கம்பெனியில் இருக்கிறான். கிளென்மரியில் ஒரு ஷோரூம், பினாங்குப் பக்கம் ஜூரு ஆட்டோசிட்டியில் இன்னொன்று. சாம்ராஜ்யம் அவ்வளவுதான்.

"அண்ணே, டிவி3ல எட்டு மணிச் செய்திக்கு நடுவுல போட்டா ஊரே பாக்கும்லா. ஒரு மாசம் போதும். அதுக்கு மேல காசும் இல்ல" என்றான்.

விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் தொழிலில் பாதி ஆயுளை ஓட்டிவிட்ட எனக்கு ரசம் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

அவன் சொன்னதில் தப்பில்லை, ஊரே பார்க்கும். 1984ல் மலேசியாவின் முதல் தனியார் நிலையமாக வந்த டிவி3க்கு மலாய் வீடுகளில் இன்னமும் தனி இடம் உண்டு. ஏழு மணிக்கு அகாசியா நாடகம், எட்டு மணிக்கு புலேட்டின் உத்தாமா செய்தி என்று பழகிப்போன வீடுகள் ஏராளம். ஆனால் அந்த 30 விநாடி பெர்லிஸிலிருந்து சபா வரைக்கும் போகிறது. சபாவின் தாவாவில் ஒருவருக்கு இந்தக் காரைப் பிடித்துப் போகிறது என்று வையுங்கள். எங்கே போய் ஓட்டிப் பார்ப்பார்? பஞ்சர் ஆனால்கூட யாரிடம் கேட்பார்? அவர் பார்த்ததற்கும் சேர்த்துத்தான் இவன் பணம் கட்ட வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இங்கே 2024ல் விற்ற புது வண்டிகள் 800,000க்கும் மேல். அதில் உள்ளூர்க் கம்பெனி பெரோடுவா மட்டும் 350,000க்கும் அதிகம். இன்னொரு உள்ளூர்க் கம்பெனியான புரோட்டோனையும் சேர்த்தால் ஐந்தில் மூன்று பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் ஜப்பான்காரனும் சீனாக்காரனும் அடித்துக்கொள்கிறார்கள். வருடம் முழுக்க விளம்பரம் போடும் அந்தக் கூட்டத்துக்கு நடுவே, பிரைம் டைமில் பத்துப் பன்னிரண்டு தடவை வந்து போகும் புதுப் பெயர் எத்தனை பேர் மனதில் நிற்கும்?

வாங்குகிறவர் பக்கத்திலிருந்து பார்ப்போம். இங்கே கார் கடன் ஒன்பது வருடம் வரைக்கும் இழுக்கும். பல குடும்பங்கள் அந்த ஒன்பதையே எடுக்கின்றன. அதனால் புதுக் கம்பெனி என்றதும் முதலில் வருவது பேட்டரி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வி இல்லை. லோன் முடியும்போது இந்தக் கம்பெனி இருக்குமா, ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா என்பதுதான். 1985ல் பினாங்குப் பாலத் திறப்பின்போது அன்றைய பிரதமர் மகாதீரே நாட்டின் முதல் சொந்தக் காரான புரோட்டோன் சாகாவை ஓட்டிக்கொண்டு போனார். அந்த ஒரு காட்சி போதுமானதாக இருந்தது, ஏனென்றால் காருக்குப் பின்னால் அரசாங்கம் நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள். தம்பியின் கம்பெனிக்குப் பின்னால் அப்படி யாரும் இல்லை. அவன் திரும்பத் திரும்ப முகம் காட்டித்தான் நம்பிக்கை சம்பாதிக்க வேண்டும். ஆகவே எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைவிட, ஒரே ஆள் எத்தனை தடவை பார்த்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அந்தக் கணக்கில் கட்டணத் தொலைக்காட்சியான ஆஸ்ட்ரோவின் தமிழ் அலைவரிசைகள் முன்னுக்கு வருகின்றன. விண்மீன், வானவில் இரண்டிலும் ஒரு ஸ்பாட் டிவி3 பிரைம் டைம் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. அதே பணத்தில் ஒரு வீட்டின் கதவைப் பல மடங்கு தட்டலாம். விண்மீனில் உள்ளூர் நாடகம் ஓடும்போது ஹாலில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்மா, அப்பா, வேலைக்குப் போகும் மகள், சாப்பாட்டுத் தட்டோடு மகன். மாதக் கட்டுப்பணம் மகன் கட்டுவான், சரிதான். ஆனால் "அந்தக் காடி பாக்க நல்லா இருக்கேப்பா" என்று அம்மா சொல்லாத வரைக்கும் பல வீடுகளில் பேச்சு நகராது. போனில் தனியாகப் பார்க்கும் விளம்பரத்தில் அம்மா இல்லை. இன்னொரு வசதி, ராகா வானொலியும் ஆஸ்ட்ரோ குடும்பம்தான். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் பழைய வண்டியில் புழுங்கிக்கொண்டிருப்பவரிடம் புதுக் கார் பற்றிப் பேச அதைவிட நல்ல இடம் ஏது?

தம்பி இங்கே ஒரு முட்டுக்கட்டை போட்டான். 2020 கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடுதானே, போதுமா என்று. பெரோடுவாவுக்குப் போதாது. இரண்டு ஷோரூம் வைத்திருப்பவன் முதல் வருடம் சில நூறு கார் விற்றாலே பெரிய விஷயம். அதோடு கிளென்மரியைச் சுற்றி ஷா ஆலம், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா. ஜூருவைச் சுற்றி பிறை, பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம். நம் ஆட்கள் நிறைந்த வட்டாரங்கள். தெரிந்தோ தெரியாமலோ ஷோரூமைச் சரியான இடத்தில்தான் திறந்திருக்கிறார்கள்.

தீபாவளி மாதத்தில் மட்டும் வேண்டாம் என்றேன். நகைக்கடை, துணிக்கடை, வாழ்த்துச் சொல்ல வரும் வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று அந்த நேரத்தில் மூச்சுவிட இடம் இருக்காது. கார் ஜனவரியில் நன்றாகப் போகும். டிசம்பரில் பதிவு செய்தால் அடுத்த மாதமே வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. ஆகவே தைப்பூசத்தை ஒட்டிய வாரங்கள்.

சீன அலைவரிசையான 8டிவி பற்றி அவன் கேட்கவே இல்லை. நான்தான் இழுத்துவிட்டேன். தமிழன் என்பதற்காகத் தமிழ் அலைவரிசைக்கே முழுத் தொகையையும் கொட்டச் சொன்னால் அது தொழில் இல்லை. ஜூரு ஷோரூமுக்கு வருகிறவர்களில் சீனர்கள் எத்தனை பேர் என்று சேல்ஸ்மேனிடம் கேட்டாலே தெரிந்துவிடும். பினாங்கை மட்டும் வைத்து முடிவெடுப்பதாக இருந்தால், 8டிவியின் மாண்டரின் செய்தி நேரத்துக்குத்தான் என் கை முதலில் போகும். இரண்டு ஊரையும் சேர்த்துப் பார்த்தால் அதற்கு இரண்டாவது இடம்.

அரசாங்க ஒளிபரப்பான ஆர்டிஎம்? அதன் டிவி2வில் தமிழ்ச் செய்தி பார்க்கும் பெரியவர்கள் புதுக் கார் வாங்கப் போவதில்லை. இந்தக் கையளவுப் பணத்தில் அதைத் தொட வேண்டாம்.

யூடியூப்பில் கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு என்று வட்டம் போட்டு வாங்கலாம். தாவாவ் பிரச்சினை அதோடு தீர்ந்தது. ஆனால் ஐந்து விநாடியில் தாண்டிவிடுவார்கள். அதோடு அங்கே உங்களுக்கு முன்னால் எந்த விளம்பரம் வரும் என்று உங்களால் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் வந்த கம்பெனி என்ற பெயருக்கு நம் பெரியவர்களிடம் இன்னமும் மதிப்பு உண்டு. டெஸ்ட் டிரைவுக்கு ஆள் பிடிக்க யூடியூப் சரி, பெயர் வாங்கித்தர அது உதவாது. ஆஸ்ட்ரோவிலும் இணையத்தோடு இணைத்த பெட்டிகளில் வீட்டுக்கு வீடு வேறு விளம்பரம் காட்டும் வசதி வந்திருக்கிறது. விலை படிந்தால் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

அப்புறம் படத்தைப் பற்றி ஒன்று. தலைமையகம் அனுப்பிய விளம்பரத்தில் தமிழ்க் குரலை ஒட்டிவிடலாம் என்றான். முதலில், இங்கே 'மேட் இன் மலேசியா' விதி இருக்கிறது. வெளியில் எடுத்ததை அப்படியே ஒளிபரப்புவது லேசான காரியமில்லை. அடுத்தது, வாய் ஒருபக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் போகும் கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி அப்படிச் செய்து மாதக்கணக்கில் கேலிக்கு ஆளானது. கிள்ளானில் ஒரு வீட்டு வாசல், ஒரு நிஜ மெக்கானிக், ஒரு கார், அது போதும்.

கடைசியில் பில் கொடுத்த தாளின் பின்பக்கம் இப்படி எழுதிக் கொடுத்தேன்: பாதிப் பணம் விண்மீன், வானவில், ராகா. கால்வாசி 8டிவி. மிச்சம் யூடியூப். டிவி3, ஐந்தாவது ஷோரூம் திறந்த பிறகு.

தாளை மடித்துப் பையில் வைத்தவன் தலையைச் சொறிந்தான். "எல்லாம் சரிண்ணே. ஆனா எங்க முதலாளி வீட்ல டிவி3 மட்டும்தான் ஓடும்."

சரி, அப்படியானால் ஒரே ஒரு நாள், அவர் கண்டிப்பாக வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போடு என்றேன்.